சூசை வீட்டில் சாப்பிட்டேன்

என் பிள்ளை தர்சினிக்கு,

நலமா என்று கேட்டுத்தான் எங்கள் ஆட்கள் கடிதம் தொடங்குவார்கள். உன்னிடம் அதைக் கேட்கும் தகுதியை நான் எப்போதோ இழந்துவிட்டேன், ஆனாலும் கேட்கிறேன். எனக்கு முழங்கால் மட்டும் சொல்வழி கேட்பதில்லை, மற்றப்படி குறையில்லை. இப்போது மத்தியானம் இரண்டரை மணி. நான் வேலைசெய்கிற வீட்டுச் சிஞ்ஞோரா சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறார். எழும்பி மணியடிக்கும்வரை இந்தச் சமையலறை மேசை என்னுடையது. நாலைந்து நாளாக இதே நேரத்தில் உட்கார்ந்து எழுதி எழுதிக் கிழித்துப்போட்டேன். வொய்ஸ் மெசேஜ் போட்டால் என்ன என்று அம்மா கேட்டாள். போட்டும் பார்த்தேன். திரும்பக் கேட்டபோது கோயில் திருவிழாவில் தலைமையுரை ஆற்றுகிறவன் மாதிரி இருந்தது. எனக்கே பிடிக்கவில்லை, அழித்துவிட்டேன்.

நீ போன மாதம் போனில் சொன்னதில் ஒரு சொல்லையும் நான் மறக்கவில்லை. "அப்பா, வாற மாதம் முதல் சனிக்கிழமை எனக்கும் யூட்டுக்கும் கலியாணம். மாதா கோயிலிலை, பத்து மணிக்கு. நீங்கள் வரவேணும் எண்டால், அதுக்கு முதல் யூட் வீட்டை போய் அவையளோடை இருந்து சாப்பிட்டிட்டு வாங்கோ. ஏலாதெண்டால் வரவேண்டாம். கோவத்திலை சொல்லேல்லை, யோசிச்சுத்தான் சொல்லுறன்." நான் அப்போது சிஞ்ஞோராவின் கையில் பிரஷர் பார்க்கும் பட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தேன். "பாப்பம்" என்றேன். நான் பாப்பம் என்றால் இல்லை என்றுதான் அர்த்தம் என்பது உனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். அதுதான் உடனே போனை வைத்துவிட்டாய்.

அந்தச் சனிக்கிழமை இந்தக் கிழமை வருகிறது. நான் அங்கே வரலாமா, கூடாதா என்பதை நீதான் முடிவு செய்யவேண்டும். முடிவு செய்வதற்கு முன் சில விஷயங்களை என் வாயால் நீ கேட்கவேண்டும். அதில் பல உனக்குத் தெரிந்தவை. ஒன்று மட்டும் உனக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. அதைக் கடைசியில்தான் எழுதப்போகிறேன். முதலிலேயே எழுதினால் மிச்சத்தை வாசிக்கமாட்டாய்.

உனக்கு எட்டு வயதாக இருந்தபோது பள்ளிக்கூட விடுமுறை ஒன்றில் உன்னை இந்த வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அம்மா அப்போது வேறு கட்டிடங்களில் படிக்கட்டுகள் கழுவிக்கொண்டிருந்தாள், உன்னைப் பார்க்க ஆளில்லை. பலர்மோவின் இந்த லிபெர்த்தா வீதியில் இந்த மாதிரிக் கட்டிடங்களுக்கு இரண்டு வழி. முன்னால் பளிங்குப் படியும் கண்ணாடி லிப்ட்டும், பின்னால் எங்களைப் போன்றவர்களுக்கு ஒடுக்கமான இரும்புப் படி. ஐந்து மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு, ஏன் அப்பா லிப்ட்டில் போகக்கூடாது என்று கேட்டாய். இதுதான் கிட்ட என்று சொன்னேன். உன்னைச் சமையலறையில் இருத்திவிட்டு வேலை பார்த்தேன். நீ எப்போது எழும்பிப் போனாய் என்று தெரியாது, பார்த்தால் வரவேற்பறையில் அந்த மஞ்சள் நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு இருக்கிறாய். சிஞ்ஞோரா உன்னைப் பார்த்துச் சிரித்தார், கன்னத்தில் தட்டினார், ஒரு மிட்டாயும் தந்தார். நீ எழும்பி வந்த பிறகு என்னைக் கூப்பிட்டு, அந்த நாற்காலியை ஒருமுறை துடைத்துவிடு என்றார். துடைத்தேன். நீ சமையலறைக் கதவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய்.

வீட்டுக்கு வந்து உனக்கு அடித்தேன். கைவிரல் பதியும்படி அடித்தேன். நீ அழவில்லை. "நான் ஊத்தையோ அப்பா?" என்று கேட்டாய். அம்மா சமைத்துக்கொண்டிருந்தவள் அகப்பையோடு திரும்பி என்னைப் பார்த்தாள். இவ்வளவு வருடம் கழித்துச் சொல்கிறேன், இல்லை பிள்ளை. அன்று காலை அம்மா உன்னைக் குளிப்பாட்டி, புதுச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் போட்டு அனுப்பியிருந்தாள். எண்ணெய் பட்டிருக்கும் என்றுதான் அந்த மனிசி துடைக்கச் சொன்னார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இன்னும் அந்தச் சமாதானத்தில்தான் இங்கே வேலை செய்கிறேன்.

சிஞ்ஞோரா கெட்டவர் என்று நான் சொல்லவரவில்லை. என் பெர்மெஸ்ஸோ விசாவைப் புதுப்பிக்க குவெஸ்தூரா பொலிஸ் கந்தோரில் நாயாய் அலைந்தபோது, தன் பிரம்பை ஊன்றிக்கொண்டு என்னோடு வரிசையில் வந்து நின்ற மனிசி அவர். அம்மாவின் ஒப்பரேஷனுக்குத் தெரிந்த டொக்டரைப் பிடித்துத் தந்தவரும் அவர்தான். என்னுடைய பெயர் வாயில் நுழையவில்லை என்று முதல் நாளே எனக்கு மாரியோ என்று பெயர் வைத்தவரும் அவர்தான். நான் குடிப்பதற்கென்று காது உடைந்த கப் ஒன்று, கழுவும் தொட்டிக்குக் கீழே சவர்க்காரத் தூளுக்குப் பக்கத்தில் தனியாக இருக்கிறது. அதையும் அவரே ஒதுக்கித் தந்தார். இதெல்லாம் ஒரே ஆள்தான். காலை ஏழு மணி முதல் நான் மாரியோ. மாலையில் அந்த இரும்புப் படியால் இறங்கி வீதிக்கு வந்ததும் நான் பெரிய மனிதன். கோயில் நிர்வாகசபை, தமிழ்ப் பள்ளிக்கூடப் பரிசளிப்பு, செத்த வீட்டில் முன்வரிசை. பகலில் குனிந்த முதுகைப் பின்னேரத்தில் யார் தலையிலாவது ஏறித்தான் நிமிர்த்தவேண்டியிருந்தது. அப்படி ஏறி நிமிர்த்தினதில் உன் வாழ்க்கையும் போய்விட்டது.

யூட்டை நீ எங்கே கண்டாய் என்பது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் எல்லோரும் மலையேறி சாந்தா ரோசாலியாவின் கோயிலுக்குப் போவோமே, சைவக்காரரும் வேதக்காரரான கிறிஸ்தவர்களும் ஒன்றாக, சிலபேர் செருப்பில்லாமல். நானும் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஏறியவன்தான். அந்த வழியில்தான் நீங்கள் கதைக்கத் தொடங்கியிருக்கிறீர்கள். மூன்று வருடம் காதும் காதும் வைத்தாற்போல் நடந்திருக்கிறது. எனக்குத் தெரியவந்ததும் நான் முதலில் செய்தது உன்னோடு கதைப்பதல்ல. எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். ஊருக்குப் போன் எடுத்து விசாரித்தேன். பெடியன் குடிக்கிறவனா, அடிக்கிறவனா, பொறுப்பானவனா என்று விசாரிக்கவில்லை. யாருடைய பிள்ளை என்று விசாரித்தேன். யூட்டின் தகப்பன் பேர் சூசை என்றதும் பெரியப்பா போனிலேயே சிரித்தார். "டேய், சூசை ஆரெண்டு உனக்குத் தெரியேல்லையே? எங்கடை வளவிலை பனை ஏறின செல்லன்ரை மகனடா. பிறகு வேதத்திலை சேர்ந்து சூசை எண்டு பேர் வைச்சவங்கள்."

அதற்குப் பிறகு ஓர் ஆவணி மாதத்து மத்தியானம் உனக்குச் சொல்லாமல் மொண்டெல்லோவுக்குப் போனேன். யூட் அப்போது அங்கே கடற்கரையில் சாய்வுக் கதிரைகளும் குடைகளும் வாடகைக்குக் கொடுக்கிற இடத்தில் வேலை. சுடுமணலில் இரண்டு தோளிலும் கதிரைகளைச் சுமந்துகொண்டு ஓடிக்கொண்டிருந்தான். படுத்திருந்த ஒருவன் தலையைக்கூடத் திருப்பாமல் விரலைச் சொடுக்கினான். யூட் சிரித்துக்கொண்டே ஓடிப்போய்க் குடையை வெயிலுக்கு ஏற்றமாதிரித் திருப்பிவிட்டான். இவனுக்கா என் பிள்ளை என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று காலையில் நானும் மணிச்சத்தத்துக்கு அப்படித்தான் ஓடியிருந்தேன். அது எனக்கு ஞாபகமே வரவில்லை என்று சொன்னால் நீ நம்பவேண்டும்.

பிறகு சூசையும் யூட்டின் தாய் றீற்றாவும் எங்கள் வீட்டுக்கு முறையாகக் கதைக்க வந்தார்கள். சூசை கோட் போட்டிருந்தார், கொஞ்சம் பெரிய கோட். "அண்ணை, பிள்ளையள் விரும்பிப்போட்டுதுகள். நாங்கள் மறிச்சு என்ன செய்யிறது? உங்களோடை கதைச்சு முடிப்பம் எண்டு வந்தனாங்கள்" என்றார். அவர் சொன்னதில் எனக்குக் காதில் விழுந்தது அண்ணை என்ற ஒரு சொல்தான். அவருடைய தகப்பன் என் தகப்பனை நயினார் என்றுதான் கூப்பிடுவார். நான் எழும்பிக் குசினிக்குப் போனேன். அம்மா சில்வர் பேணிகளைக் கழுவி வரிசையாக வைத்திருந்தாள். "அதிலை வேண்டாம். மற்றதிலை குடு" என்றேன். "எதிலை?" என்றாள். உன் பிறந்தநாளுக்கு வாங்கி மிஞ்சிக் கிடந்த பிளாஸ்ரிக் கப்புகளைக் காட்டினேன். நீ கதவு மூலையில் நின்றாய். எல்லாவற்றையும் கண்டாய். கண்டாய் என்பது எனக்கும் தெரியும். இவ்வளவு நாளும் நீ காணவில்லை என்றமாதிரி நான் நடித்தேன், நான் அறியவில்லை என்றமாதிரி நீ நடித்தாய்.

அவர்கள் இருவரும் அதில் குடித்தார்கள். சூடு பொறுக்காமல் றீற்றா சேலைத் தலைப்பால் பிடித்துக் குடித்தா. எழும்பும்போது சூசை இரண்டு கப்பையும் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக் கையில் எடுத்துக்கொண்டார். "தேத்தண்ணி நல்ல சாயம். இதுகளை நாங்கள் கீழை போட்டிட்டுப் போறம், உங்களுக்கு ஏன் கரைச்சல்" என்றார். குரலில் ஒரு கோபமும் இல்லை. யன்னலால் பார்த்தேன். வீதி முனையில் குப்பைத் தொட்டிக்குள் அவற்றைப் போட்டுவிட்டு, கோட்டைச் சரிசெய்துகொண்டு, மனைவியின் கையைப் பிடித்து வீதியைக் கடந்தார். என் வாழ்க்கையில் நான் அவமானப்படுத்தியவர்கள் பலர் இருக்கிறார்கள். என்னை நானே அப்படித் திரும்பிப் பார்க்கவைத்தவர் அவர் ஒருவர்தான். அதற்காகவே அவர்மேல் எனக்குக் கோபம் கூடியது.

அன்று பின்னேரம் நீ என்னை எதிர்த்துக் கதைத்தாய். "அப்பா, நீங்கள் சிஞ்ஞோராவின்ரை கக்கூஸ் கழுவுறீங்கள். யூட்டின்ரை அப்பா மட்டும் என்ன குறைஞ்சு போனார்?" என்றாய். "அது தொழில். இது பிறப்பு" என்றேன். எவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன் தெரியுமா, ஏதோ கல்லில் வெட்டிவைத்ததைப் படித்துச் சொல்கிறவன் மாதிரி. நீ அழுது பார்த்தாய், சாப்பிடாமல் கிடந்து பார்த்தாய். கடைசியில் நான் நஞ்சு குடித்துச் செத்துப்போவேன் என்று சொன்னேன். அதோடு நீ அடங்கிப்போனாய். இப்போது சொல்கிறேன், சாகிற எண்ணம் எனக்கு ஒரு துளியும் இருக்கவில்லை. அடுத்தநாள் காலை பல் கட்டுவதற்கு வைத்தியரிடம் நேரம் எடுத்து வைத்திருந்தேன். போய்க் கட்டிக்கொண்டும் வந்தேன். நீ அந்தப் பல்லையும் பார்த்து, நல்லாயிருக்கு அப்பா என்று சொன்னாய்.

சூரிச் மாப்பிள்ளையை நான்தான் கொண்டுவந்தேன். எங்கள் ஆட்கள், நல்ல உத்தியோகம், சொந்த வீடு. அவர்களும் விசாரித்தார்கள். தகப்பன் என்ன செய்கிறார் என்று கேட்டபோது, வக்கீல் ஒருவருடைய ஒபிஸில் நிர்வாகம் என்றேன். இங்கே பலர்மோவில் வீட்டு வேலை செய்கிற எங்களில் எத்தனை பேர் ஊருக்கு உண்மை சொல்லியிருக்கிறோம்? ஒருவன் ஹோட்டலில் மனேஜர், ஒருவன் கொம்பனியில் சுப்பவைசர். என் பொய் முழுப் பொய்யும் இல்லை என்று வைத்துக்கொண்டேன். சிஞ்ஞோராவின் செத்துப்போன புருஷன் வக்கீல், அவருடைய ஒபிஸ் அறையை வாரத்தில் இரண்டு தரம் நான்தான் தூசு தட்டுகிறேன்.

உன் கலியாணத்துக்கு சிஞ்ஞோரா வரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். சின்னதிலிருந்து கண்ட பிள்ளை என்றார். நான் எப்படி மறிப்பது? முன்வரிசையில் முத்துமாலை போட்டுக்கொண்டு இருந்தார். தாலி கட்டி முடிந்து சனம் அட்சதை போட்டுக்கொண்டிருக்கிற நேரம், "மாரியோ!" என்று ஒரு குரல். "சுபித்தோ, சிஞ்ஞோரா" என்று என் வாய் சொன்னது. இதோ வந்துவிட்டேன் என்று பட்டு வேட்டியோடு ஓடினேன். அவருடைய கால் வெயிலில் வீங்கும், சப்பாத்து இறுக்கும், நான் தினமும் செய்கிற வேலைதான் அது. முழங்காலை ஊன்றி இருந்து சப்பாத்து வாரைத் தளர்த்தி, காலைத் தூக்கி என் மடியில் வைத்து, கணுக்காலைத் தேய்த்துவிட்டேன். நிமிர்ந்தபோதுதான் மண்டபம் தெரிந்தது. உன் மாமனார் இரண்டு கதிரை தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இவ ஆர் சம்பந்தி?" என்றார். "எங்கடை ஒபிஸ் முதலாளி அம்மா" என்றேன். அவர் சிரித்தார். நீ மணவறையிலிருந்து பார்த்தாய், தலையைக் குனிந்துகொண்டாய்.

அந்தச் சப்பாத்துக் கதையை அவர்கள் சூரிச்சுக்குக் கொண்டுபோனார்கள். உன் மாமியார் பனிக்காலம் முழுக்க வெளியில் போய் வந்து கதிரையில் இருந்து காலை நீட்டுவாவாம். "உன்ரை அப்பருக்குக் கைவந்த வேலை. உனக்கும் பழக்கியிருப்பார்தானே" என்பாவாம். நீ இதை என்னிடம் சொல்லவில்லை, அம்மாவிடம்தான் சொன்னாய். என்னிடம் நீ கேட்டது ஒரே ஒரு கேள்விதான். குளியலறைக்குள் இருந்து போன் எடுத்தாய், தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. "அப்பா, நான் வரட்டோ?" என்றாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும் என்ற பயம். "பொறு பிள்ளை. பங்குனித் திருவிழா முடியட்டும். இந்த வருசம் நான் தலைவர், சனம் கேக்கும்" என்றேன். சரி அப்பா என்றாய். திருவிழா நன்றாக நடந்தது. எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்தக் கிழமைதான் உன் புருஷன் உன் இடது மணிக்கட்டைக் கதவில் வைத்து உடைத்திருக்கிறான். தெரிந்திருந்தால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி வந்திருப்பேன் என்று எழுதத்தான் ஆசை. நிச்சயமாகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

நீ திரும்பி வந்ததையும் வேறு ஆட்கள் சொல்லித்தான் அறிந்தேன். பகேரியாவில் அறை எடுத்திருக்கிறாய், காலை ரயிலில் வந்து பல் வைத்தியசாலை ஒன்றில் வரவேற்பில் நிற்கிறாய் என்றார்கள். ஒருநாள் பின்னேரம் ஸ்ரேஷனுக்கு வந்து தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். இடது கையில் இருந்த பையை வலது கைக்கு மாற்றிக்கொண்டு ஏறினாய். மெலிந்திருந்தாய். கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். ரயில் வெளிக்கிட்டுவிட்டது. அடுத்த நாளும் வந்திருக்கலாம், வரவில்லை. யூட் உனக்காகவே காத்திருந்தான் என்று சனம் கதை கட்டுகிறது. அவனுக்கும் இரண்டு மூன்று இடத்தில் பேசி ஒன்றும் சரிவராமல் போனதாக அம்மா சொன்னாள். எனக்கு அதுதான் நல்லதாகப் படுகிறது. காத்திருந்தவனுக்கு நீ ஆயுள் முழுக்க நன்றிக்கடன் பட்டிருக்கவேண்டும். அது உனக்குத் தேவையில்லாத பாரம்.

இனிப் போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். அம்மாவை வா என்றேன். "நான் எப்பவோ போய்ச் சாப்பிட்டாச்சு. நீங்கள் தனியப் போங்கோ" என்றாள். எனக்குத் தெரியாமல் போயிருக்கிறாள், எனக்கு அதிலும் கோபம் வந்தது பார். இனிப்புக் கடையில் ஒரு பெட்டி கட்டுவித்துக்கொண்டு, சந்தைக்குப் பின்னால் அந்த நாலாம் மாடிக்கு ஏறினேன். யூட் மொண்டெல்லோவில் ஹோட்டல் ஒன்றில் மத்தியானச் சமையலில் நின்றான், வீட்டில் சூசையும் றீற்றாவும்தான். "வாங்கோ அண்ணை, இருங்கோ" என்றார் சூசை. முடி முழுக்க நரைத்திருக்கிறது. அவருக்கும் முழங்கால் வருத்தமாம். பத்து நிமிடம் முழங்காலைப் பற்றியே கதைத்தோம்.

சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். "நீங்கள் ஞாயிறிலை மச்சம் சாப்பிடுவியளோ எண்டு தெரியேல்லை. அதாலை ரெண்டும் சமைச்சனான்" என்றா றீற்றா. ஒரு பக்கம் மீன் குழம்பு, மற்றப் பக்கம் சைவமாய்க் கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, கீரை. சூசை ஒரு சோற்றுக் கோப்பையைத் துணியால் துடைத்து எனக்கு முன்னால் வைத்தார். "இது புதுக் கோப்பை அண்ணை. நேற்றுத்தான் வாங்கினது, ஒருத்தரும் சாப்பிடேல்லை. சங்கடப்படாமல் சாப்பிடுங்கோ" என்றார். நக்கலா என்று முகத்தைப் பார்த்தேன். நக்கல் இல்லை. எனக்காக உண்மையாகவே கடைக்குப் போய் வாங்கியிருக்கிறார். அந்த இடத்தில் நான் என்ன செய்திருக்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். இது வேண்டாம், நீங்கள் சாப்பிடுகிற கோப்பை ஒன்றைத் தாருங்கள் என்று சொல்லியிருக்கவேண்டும். ஆறேழு சொல்தான். சொல்லவில்லை. பெரிய நிம்மதியோடு அந்தப் புதுக் கோப்பையில் சாப்பிட்டேன்.

றீற்றா சோறு போட்டுக்கொண்டே உன்னைப் பற்றிக் கதைத்தா. "பிள்ளை ஞாயிறிலை வந்தால் அந்தக் கைக்கு எண்ணெய் போட்டு உருவி விடுறனான். இப்ப கொஞ்சம் மடங்குது" என்றா. இத்தனை வருடமாக இந்த ஊரில் கிழவர் கிழவிகளின் கைகால்களை உருவிப் பிழைத்தவன் நான். உன் கையை ஒருநாளும் தொட்டுப் பார்க்கவில்லை. அந்தக் கப் விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன், அதனால் தொடங்கினேன். "சூசை, அண்டைக்கு எங்கடை வீட்டை நீங்கள் வந்த நேரம்..." என்றேன். "விடுங்கோ அண்ணை. சாப்பிடேக்கை அதேன்" என்றார். விட்டுவிட்டேன். விடச் சொல்வார் என்று தெரிந்துதான் தொடங்கினேனோ என்று இப்போது யோசிக்கிறேன்.

சாப்பிட்டு முடிந்து அவர்கள் வீட்டிலேயே கை கழுவினேன், வாயும் கொப்பளித்தேன். தேத்தண்ணியும் குடித்தேன். சூசை படி மட்டும் வந்து வழியனுப்பினார். கீழே சந்தை முடிந்து தட்டிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். மீன்காரர் பலகை கழுவுகிற குழாய் ஒன்று மூலையில் இருக்கிறது. நான் அதனிடம் போய்க் குனிந்து, வாய் நிறையத் தண்ணீர் எடுத்து, தொண்டை மட்டும் விட்டுக் கொப்பளித்துத் துப்பினேன். மூன்று தரம். சின்ன வயதில், சேராத இடத்தில் ஏதும் வாயில் வைத்துவிட்டு வந்தால், கிணற்றடியில் எங்களை அப்படித்தான் கொப்பளிக்கவைப்பார்கள். கைலேஞ்சியால் வாயைத் துடைக்கும்போதுதான் என்ன செய்தேன் என்று விளங்கியது. யோசித்துச் செய்யவில்லை. உன் கலியாண மண்டபத்தில் முழங்காலில் இருந்ததும் யோசித்துச் செய்ததல்ல. அதைச் சொல்லி நான் தப்பமுடியாது, இரண்டும் நான்தான். அங்கே நின்று அழுதேன் என்று எழுதினால் உன் மனம் இளகும். அழவில்லை. பஸ் வந்தது, ஏறி வந்துவிட்டேன்.

ஒருவரும் காணவில்லை. அம்மாவிடம், போய்ச் சாப்பிட்டேன் என்றேன், அவளுக்குச் சந்தோஷம், உனக்குச் சொல்லட்டா என்று கேட்டாள். நானே சொல்கிறேன் என்றேன். உன்னிடமும் அவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். நீ கேட்டது சாப்பிட்டுவிட்டு வரச்சொல்லித்தான், நான் சாப்பிட்டேன், அதில் பொய் இல்லை. சனிக்கிழமை முன்வரிசையில் வந்து இருந்திருப்பேன், சூசையோடு சேர்ந்து படமும் எடுத்திருப்பேன். ஆனால் வக்கீல் ஒபிஸ் கதையும் அப்படித்தான் பொய் இல்லாமல் தொடங்கியது. அதற்கு உன் கை போனது.

புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் தகப்பன் என்று ஒருவன் கடிதம் எழுதினால் இரண்டு வார்த்தை சொல்லாமல் விடமாட்டான். யாராவது உன் அப்பா என்ன வேலை என்று கேட்டால், கிழவிகளைக் குளிப்பாட்டுகிறார், கக்கூஸ் கழுவுகிறார் என்று நேராகச் சொல். யூட்டின் வேலையையும் அப்படியே சொல். பொறு என்று யார் சொன்னாலும், நான் சொன்னாலும், ஒரு நாளும் பொறுக்காதே. உங்களுக்குப் பிள்ளை பிறந்தால் என்னிடம் கூட்டி வா, கெஞ்சிக் கேட்கிறேன், கூட்டி வா. ஆனால் தனியாக விட்டுவிட்டுப் போகாதே. நான் வாயால் ஒன்றும் சொல்லமாட்டேன். பிள்ளைகள் வாயைப் பார்ப்பதில்லை, கை என்ன செய்கிறது என்றுதான் பார்க்கும். நீ நாற்காலி துடைத்த என் கையைப் பார்த்ததுபோல.

சிஞ்ஞோரா எழும்பிவிட்டார், மணி அடிக்கிறது. ஒரு நிமிடம் அடிக்கட்டும்.

சனிக்கிழமை பத்து மணிக்கு முன்பே கோயில் வாசலுக்கு வந்துவிடுவேன். படி ஏறமாட்டேன். உள்ளே வாங்கோ என்று நீ வந்து கூப்பிட்டால் வருவேன். கூப்பிடாவிட்டால் பூசை முடியும்வரை வெளியில் நிற்பேன், ஒருவரிடமும் ஒரு சொல் கேட்கமாட்டேன், நீ வெளியே வரும்போது தூர நின்று பார்த்துவிட்டுப் போவேன். அவர்கள் வேதத்தில் சேர்வதற்கு முன்பு, எங்கள் ஊர்க் கோயில் தேர் நாட்களில் சூசையின் தகப்பன் அப்படித்தான் வெளி மதிலடியில் கைகூப்பிக்கொண்டு நிற்பார். நான் என் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு அவரைக் கடந்து உள்ளே போயிருக்கிறேன். திரும்பிப் பார்த்ததில்லை.

அப்பா